கருணாபுரத்துக்கு ஒரு நினைவு மலர்

(கள்ளக்குறிச்சியில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்மையில் மறைந்தவர்களை நினைப்பது எப்படி என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைத்தார்கள். யார் மறைந்தார்கள் என்று அழைப்பிதழில் இல்லை. இந்த ஊரில் அதை அச்சடிக்க வேண்டியதும் இல்லை. 2024 ஜூனுக்குப் பிறகு வெளியூரில் கள்ளக்குறிச்சி என்று சொன்னால் அடுத்து வரும் சொல் சாராயம். இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் இது. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. அதெல்லாம் யார் வாயிலும் வருவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர்கள் பெயரோடு நினைக்கப்பட வேண்டும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் இந்த மேடையில் அவர்களில் ஒருவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. முரண்பாடாகத் தோன்றும். காரணத்தைப் பேச்சின் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. இந்த ஊரின் கருணாபுரத்தில் விற்ற பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்கும் காசில் பாதிகூட வேண்டாம், ஒரு பாக்கெட் வாங்கிவிடலாம். மறுநாள் விடிவதற்குள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று ஒவ்வொரு வீடாக ஆரம்பித்தது. முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது.

இந்த மறுப்பு ஏன் அவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு காரணம் இருக்கிறது. மெத்தனால் குடித்த உடனே ஆளைக் கொல்வதில்லை. கல்லீரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கண் நரம்பைத் தின்பதும் ரத்தத்தைப் புளிக்க வைப்பதும் அந்த அமிலம்தான். அதற்குப் பல மணி நேரம் ஆகும், சில பேருக்கு ஒரு நாள்கூட ஆகும். அந்த இடைவெளியில் மருத்துவமனைக்குப் போய்விட்டால் மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது, பிழைக்கலாம். குடித்தவனுக்கு உடம்பு ஒன்றும் செய்யாமல் இருந்த அந்த நேரத்தில்தான், ‘சாராயம் இல்லை, பயப்பட வேண்டாம்’ என்ற பேச்சும் தெருவில் உலவியது.

பிறகு கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நான்கு மருத்துவமனைகளிலிருந்து உடல்கள் திரும்பி வந்தன. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை அடுக்கி எரித்தார்கள். கருணாபுரத்தோடு மாதவச்சேரி, சேஷசமுத்திரம் பக்கத்திலும் சாவு விழுந்தது. கடைசியில் இறந்தவர் எண்ணிக்கை 65-ஐத் தாண்டியது.

எண்ணிக்கை என்றேன். அந்த ஒரு வாரம் தொலைக்காட்சியின் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது, நாற்பது, ஐம்பது. காலையில் எழுந்ததும் எண் எவ்வளவு என்று பார்த்தோம். கூடினால் ‘ஐயோ’ என்றோம், கூடாவிட்டால் சானலை மாற்றினோம். நானும் அப்படித்தான் பார்த்தேன், நீங்களும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள். அந்த எண் ஏற ஏற, அதற்குள்ளே இருந்த ஆட்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள்.

அடுத்து அரசு ஒரு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. உடனே டீக்கடையில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரைக்கும் ஒரு கேள்வி போயிற்று. குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? நான் அந்தத் தொகை சரியா தப்பா என்று வாதாட வரவில்லை. அந்தக் கேள்வியில் உள்ள ‘குடித்துச் செத்தவன்’ என்ற இடத்தில்தான் எனக்குச் சிக்கல். ஐம்பது வயதில் ஒருவர் இறந்தார் என்று வையுங்கள். பதினைந்து வயதிலிருந்து மூட்டை தூக்கியிருப்பார், இந்த ஊர்ச் சுவர்களுக்கு வெள்ளையடித்திருப்பார், சாக்கடை அள்ளியிருப்பார், சித்தாளாகவோ கொத்தனாராகவோ நம் வீட்டுச் சுவரையே எழுப்பியிருப்பார். முப்பத்தைந்து வருட உழைப்பு. இதில் ஒரே ஒரு சாயங்காலத்தை எடுத்து அவருக்குப் பட்டமாகச் சூட்டிவிட்டோம். வேறு யாருக்கும் நாம் இப்படிச் செய்வதில்லை. மாரடைப்பில் இறந்த தலைமையாசிரியரை ‘எண்ணெய்ப் பலகாரம் தின்று செத்தவர்’ என்று யாராவது சொல்கிறோமா? தலைமையாசிரியர் என்றுதான் சொல்கிறோம்.

குடியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஔவையாரிடம் ஒரு நிமிடம் போய்விட்டு வருவோம். புறநானூற்றில் 235ஆம் பாட்டு. அதியமான் வேல் பட்டு இறந்தபோது ஔவையார் அழுத பாட்டு. தமிழில் இரங்கல் என்று எதைச் சொன்னாலும் அதைச் சொல்லாமல் முடியாது. அது எதில் தொடங்குகிறது தெரியுமா? வீரத்தில் இல்லை, கொடையில் இல்லை, குலப்பெருமையில் இல்லை. கள்ளில் தொடங்குகிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடச் சொல்லித் தானும் கூட இருந்து குடிப்பான் என்று சொல்லித்தான் அந்த அம்மா ஆரம்பிக்கிறார். செத்தவனோடு உட்கார்ந்து குடித்ததைச் சொல்லி அழுவதில் அவருக்கு வெட்கம் இல்லை. அதற்குப் பிறகு சோறு, கறி, தலையைத் தடவிக் கொடுத்த கை என்று ஒவ்வொன்றாக வருகிறது. அவனைக் கொன்ற வேல் பாட்டின் நடுப்பகுதிக்கு மேல்தான் வருகிறது. வாழ்ந்த விதம் முதலில், செத்த விதம் பிறகு.

மன்னன் குடித்தால் அது கூடி உண்ணும் பண்பு, சுமைக்காரன் குடித்தால் அது கெட்ட பழக்கம் என்று இரண்டு தராசு வைத்திருக்கிறோம். சாராயத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். குடியால் பாழான வீடுகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கும். நான் கேட்பது வேறு. ஒரு ஆளை நினைக்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதே என் கேள்வி.

இந்த மாவட்டத்துக்கு அது தெரியாததல்ல. தமிழில் இறந்தவருக்காக அழுவதைக் கலையாகச் செய்த இடங்களில் இது முதன்மையானது என்றே சொல்வேன். பாரியை இழந்த கபிலரின் கதை முடிவது நம் திருக்கோவலூரில். தென்பெண்ணை ஆற்றுக்குள் இருக்கும் பாறையைக் கபிலர் குன்று என்று இன்றும் காட்டுகிறோம். அவர் தீப்பாய்ந்து உயிர்விட்டதை முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு அங்குள்ள கோயிலில் சொல்கிறது. கூவாகம் உளுந்தூர்பேட்டைப் பக்கம், நம் மாவட்டம்தான். ஒவ்வொரு சித்திரையிலும் நாடெங்குமிருந்து திருநங்கைகள் அங்கே வந்து அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அந்தத் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். பாரதப் போருக்குக் களப்பலியான ஒருவனுக்கு இன்னும் துக்கம் தீரவில்லை. ஆண்டுதோறும் புதிதாக அழுகிறோம்.

கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணையைத் தாண்டினால் தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைய கல். கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்ததைச் சொல்கிறது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது திருடர்கள் இரண்டு பேரைக் கடித்தது, காவல் நின்றது என்பது வரைக்கும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்து நடுகற்களில் பலவற்றில் செத்தவன் யார், யாருடைய ஆள், எந்த ஊர் மாட்டை மீட்கப் போனான் என்ற விவரம் உண்டு. ராஜாவின் பெயர் ஆண்டுக் கணக்குக்காகத்தான் வரும். கல் நட்டது மாடு மேய்த்தவனுக்கும் காவல் காத்தவனுக்கும்.

நாய்க்குக் கல் நட்ட ஊருக்கு அருகிலேயே, அறுபத்தைந்துக்கு மேற்பட்ட மனிதர்களை ‘விஷச் சாராயச் சாவு’ என்ற மூன்று சொல்லில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். இதைச் சொல்லும்போது உங்களில் ஒருவர் மனதுக்குள் ஒரு பதில் ஓடும். ‘அவன் மாட்டை மீட்கப் போய்ச் செத்தான் சார், இவங்க எதுக்குப் போய்ச் செத்தாங்க?’ என்று. நியாயமான பதில்தான். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே போராட்டம் இருந்தது, கட்சி இருந்தது, அவர்கள் தியாகிகள் ஆனார்கள். கருணாபுரத்துக்காரர்கள் தியாகிகள் இல்லை. அவர்களைத் தியாகி ஆக்க நான் முயலவுமில்லை. கல்லில் ஏறுவதற்குப் பெருமைக்குரிய சாவு வேண்டும் என்பது நடுகல்லின் விதி. சாவுக்குப் பெருமை இல்லாதவர்களை நினைக்க நமக்கு வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதுவும் இதே மண்ணில்தான் இருக்கிறது.

கருமாதிக்கு முந்தின இரவு நம் பக்கத்தில் என்ன கூத்து வைப்பார்கள்? கர்ண மோட்சம். வட மாவட்டங்களில் காரிய வீட்டில் விடிய விடிய அதைத்தான் ஆடுவார்கள். ஏன் கர்ணன்? அர்ச்சுனனுக்கும் பீமனுக்கும் கதை இல்லையா? கர்ணன் பிறப்பு மறைக்கப்பட்டவன். தேரோட்டி மகன் என்று சபையில் அவமானப்பட்டவன். கட்டிய மனைவி பொன்னுருவியே அவன் பிறப்பைச் சொல்லி இளக்காரம் பேசுகிறாள். அவன் சாகப்போகிற நேரத்தில்தான் பெற்றவள் வந்து ‘என் மகன்’ என்று மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அழுகிறாள். அதாவது, உலகம் ஒரு ஆளுக்கு ஒட்டிவைத்த பெயரைச் சாவு வீட்டில் கழற்றிப் போடுகிறார்கள். அவன் உண்மையில் யார் என்பதை ஊர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் காரியத்தை முடிக்கிறார்கள். கட்டியங்காரன் நடுநடுவே வந்து சிரிக்கவும் வைக்கிறான். சாவு வீட்டில் சிரிப்பதற்கு இடம் வைத்த புத்திசாலிகள் நம் ஆட்கள்.

ஒப்பாரியும் அப்படித்தான். அதை வெறும் அழுகை என்று நினைப்பவர்கள் கூர்ந்து கேட்டதில்லை. பொறந்த வீட்டுச் சீர், நடந்து வந்த பாதை, சந்தையில் வாங்கி வந்த பண்டம், பிள்ளைக்குப் பேர் வைத்த கதை, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று ஒரு ஆளின் கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கும். புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்ததையும் அந்த அம்மா விட மாட்டாள். திட்டிக்கொண்டே அழுவாள், அழுதுகொண்டே திட்டுவாள். மேடையில் நாம் செய்கிற இரங்கலுரையில் இந்த நேர்மை கிடையாது. நாம் இறந்தவரை முதலில் வெள்ளையடித்துவிட்டுப் பிறகுதான் மாலை போடுவோம்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் என்ன ஆயிற்றென்றால், ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சாவு. ஒருத்திக்கு ஒப்பாரி வைக்க வர வேண்டிய பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுச் சாவில் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வர வேண்டியவர்களே துக்க வீட்டுக்காரர்கள். அதன் நடுவே மந்திரிகள், கட்சித் தலைவர்கள், நடிகர்கள், கேமராக்கள். ஒரு ஆளின் கதையை நின்று நிதானமாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. சொல்லப்படாமல் நின்ற ஒப்பாரிகள் அங்கே நிறைய என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் சிதைகள் எரிந்த கரையின் கோமுகி எங்கிருந்து வருகிறது? கல்வராயன் மலையிலிருந்து. சாராயமும் அங்கிருந்துதான் வருகிறது என்று கீழ்நாட்டில் ஒரு பேச்சு. சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் மலை ஏறி ஊறலைக் கொட்டி அழித்த படங்கள் பத்திரிகையில் வந்தன. வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை போட்டு மலையில் காய்ச்சுவது உண்மை, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் மெத்தனால் மலையில் காய்ச்சுகிற பொருள் இல்லை. அது ஆலைச் சரக்கு, பெயிண்ட்டுக்கும் கரைப்பானுக்கும் போவது. ஆலையிலிருந்து டிரம்மில் கிளம்பி, தார்ச்சாலை வழியாக, சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தது. வழக்கு நடக்கிறது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. அதற்கு மேல் நான் பேசுவதற்கில்லை.

மலைக்காரர்களின் சாவும் இதே மாதிரிதான் எழுதப்படுகிறது. 2018 பிப்ரவரியில் ஆந்திரத்தில் கடப்பைக்குப் பக்கத்தில் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. கல்வராயன் மலையில் சேலம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் 20 பேர் சுடப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஆட்கள். செய்தியில் எல்லோருக்கும் ஒரே பெயர், செம்மரக் கடத்தல்காரர்கள். சாமை விதைத்தவன், மரவள்ளி நட்டவன், தேன் எடுத்தவன், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு முன்பணம் வாங்கியவன் என்ற எதுவும் அந்தச் சொல்லுக்குள் வராது.

ஜாகிர்தார்களின் ஆளுகையிலிருந்த மலை கல்வராயன். சடையக்கவுண்டன், குரும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்று மூன்று ஜாகிர். நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகு, 1976-இல்தான் அந்த முறை ஒழிந்தது. அங்குள்ள மலையாளி பழங்குடியினர் எப்படி வாழ்கிறார்கள், சாலை இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க ஆரம்பித்தது 2024 ஜூலையில். அதாவது கீழே இத்தனை பேர் செத்த பிறகு.

நம்முடைய மறதிக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். 2001-இல் பண்ருட்டிப் பக்கம் கள்ளச்சாராயத்தில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலுமாக 22 பேர். கருணாபுரத்துக்குப் பதின்மூன்று மாதம் முன்னால்தான். அவர்களில் ஒருவர் என்ன வேலை செய்தார் என்றாவது இந்த அவையில் யாருக்காவது தெரியுமா? எக்கியார்குப்பம் மீனவர் ஊர் என்ற அளவில்தான் எனக்கும் தெரியும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத் தமிழர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்து 31ஆம் நாள், அந்தியேட்டி முடிந்து வீட்டில் சாப்பாடு போடும் அன்றைக்கு, வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். நினைவு மலர் என்பார்கள், பழைய ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். முன்பக்கத்தில் இறந்தவர் படம். உள்ளே எந்த ஊரில் பிறந்தார், தாய் தகப்பன் யார், எங்கே படித்தார், என்ன தொழில், யாரைக் கட்டினார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற வரலாறு. இறந்த திதியை வைத்து ஒரு வெண்பா, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புலம்புவதாகக் கொஞ்சம் பாட்டு. பின்னால் தேவாரம், திருவாசகம். சில புத்தகங்களில் கைமருந்துக் குறிப்பு வரைக்கும் இருக்கும். பெரிய மனிதர்களுக்கு மட்டுமில்லை. தோட்டம் செய்த ஐயாவுக்கும் வீட்டோடு இருந்த ஆச்சிக்கும் இப்படிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். போரில் சிதறிப் போன பிறகும் இந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை. டொராண்டோவிலும் லண்டனிலும் அச்சடிக்கிறார்கள். நூலகம் நிறுவனம் தன் இணைய நூலகத்தில் இவற்றைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் இடம்பெயர்ந்து, வீடு இடிந்து, பதிவேடு எரிந்து போன இடங்களில், அந்த ஊரில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு இந்த மெல்லிய புத்தகங்களே சாட்சி.

இதற்கும் குறை உண்டு. அந்த மலர்களில் எல்லோரும் உத்தமர்கள். குடித்தவர், கோபக்காரர், கடன் வாங்கித் திருப்பித் தராதவர் ஒருவரையும் பார்க்க முடியாது. அச்சுச் செலவு செய்ய முடிந்த வீட்டில்தான் மலரும் வந்தது. கருணாபுரத்துக்கு அப்படி ஒரு மலர் போடும்போது இரண்டையும் நாம் மாற்றிக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் ஏழைக்குக் கிடைக்கும் அச்சு வரலாறு ஃப்ளெக்ஸ் பேனர்தான். கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு, கீழே உறவுக்காரர் பெயர் வரிசை. படம் ஆதார் அட்டையிலிருந்தோ, யாரோ ஒருவர் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தோ இருக்கும். பக்கத்தில் நின்றவரின் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டு மழை பார்த்தால் பேனர் வெளுத்துவிடும். பிறகு அது ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை. தோற்றத்துக்கும் மறைவுக்கும் நடுவில் இருந்தது பேனரில் இடம்பெறுவதில்லை.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் இறந்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சின்னச் சின்னக் குறிப்பாக மாதக்கணக்கில் எழுதியது. கம்பெனி முதலாளிக்கும் பாத்திரம் கழுவியவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இடம். பதவியை விட்டுவிட்டு, அந்த ஆள் வீட்டில் எப்படி இருந்தார் என்பதைப் பிடித்து எழுதினார்கள். நம் பத்திரிகைகளிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு அடுத்த வாரம் வேறு சாவு வந்துவிடும். ஆகவே இந்த வேலையை ஊர்க்காரர்கள் செய்தால்தான் உண்டு.

ஏன் இப்போதே செய்ய வேண்டும் என்றால் ஒரு காரணம் இருக்கிறது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு அரசு மாதம் ஐயாயிரம் ரூபாய் தருவதாகவும், பெயரில் ஐந்து லட்சம் வைப்புத்தொகை போட்டு, 18 வயது முடிந்ததும் வட்டியோடு தருவதாகவும் அறிவித்தது. ஒருவரை இழந்த குழந்தைக்கு மூன்று லட்சம். நல்லது. அந்தப் பிள்ளை 18 வயதில் வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கும். அன்றைக்கு அதற்கு ஒரு கேள்வி வரும். எங்க அப்பா எப்படி இருப்பாரு? நல்லாப் பாடுவாரா? எங்க அம்மாவ எப்படிக் கட்டிக்கிட்டாரு? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பாட்டி அதற்குள் போய்விட்டிருப்பாள். கூட மூட்டை தூக்கிய கூட்டாளி, அவனும் அன்றைக்குக் குடித்தவனாக இருந்தால், ஏற்கெனவே போய்விட்டான். பிள்ளைக்கு மிஞ்சுவது செல்போனில் தேடினால் வரும் ஒரு செய்தி. அதில் அப்பா ஒரு எண்ணாக இருப்பார், அல்லது துணி போர்த்திய உடம்பாக இருப்பார்.

இப்போது நான் பெயர் சொல்லாததற்குக் காரணம். அந்த ஜூன் மாதம் அந்தக் குடும்பங்களின் அனுமதி இல்லாமல் எல்லோருமாகச் சேர்ந்து அவர்கள் முகத்தைக் கேமராவில் பிடித்து ஊருக்குக் காட்டினார்கள். தலைவிரி கோலமாக அழுத பெண்ணின் படம் இன்னும் சுற்றுகிறது. அவளைக் கேட்டு எடுத்ததா அது? ‘சாராயத்துல செத்தவன் பொண்ணு’ என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் சில வீடுகளில் இருக்கும். பெயரே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்பார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. பெயரைச் சொல்வது மரியாதை என்றால், சொல்லலாமா என்று கேட்பது அதற்கு முந்தின மரியாதை. நான் இன்னும் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை.

கேட்க வேண்டியவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள். உங்களிடம் செல்போன் இருக்கிறது, குரலைப் பதிவு செய்யலாம். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் போதும். என்ன வேலைக்குப் போனார், எந்தக் கடைக்கு, எந்தத் தெருவுக்கு, கூலி எவ்வளவு. அவர் கட்டிய சுவர், தூக்கிய பந்தல், போட்ட கோலம் ஏதாவது இன்னும் இருக்கிறதா. அந்தச் சாவில் பெண்களும் உண்டு, அவர்களிடம் எந்தக் குழம்பு நன்றாக வரும். எந்தச் சாமிக்குத் தீ மிதித்தார், எந்த எம்.ஜி.ஆர். பாட்டை முணுமுணுப்பார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எதற்காக. குடிப்பாரா என்று கேளுங்கள். எப்போது குடிக்க ஆரம்பித்தார், எதற்காக என்றும் கேளுங்கள். முதுகுவலிக்கு என்று சொல்வார்கள், தூக்கம் வரவில்லை என்று சொல்வார்கள், சும்மாதான் என்றும் சொல்வார்கள். அடித்தாரா என்பதை அந்த அம்மா தானாகச் சொன்னால் எழுதுங்கள், எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். இலக்கணம் திருத்தி, ‘அன்னார் தம் இளமைக் காலத்திலேயே’ என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அந்த ஆள் இரண்டாம் முறை செத்துப்போவார். சாவைக் கடைசி வரியில் ஒரே வாக்கியமாக வையுங்கள். தேதி, இடம், மெத்தனால் என்ற உண்மை. மறைக்க வேண்டாம், அதிலேயே நிற்கவும் வேண்டாம்.

வெளியீட்டு விழா வேண்டாம் என்பது என் கருத்து. மேடையில் யாருக்கு நாற்காலி என்ற சண்டையில் புத்தகம் காணாமல் போகும். முன்னட்டையில் எந்தத் தலைவர் படமும் வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி, நூலகத்துக்கு ஒரு பிரதி, தெருவில் பொதுவாக வைத்துக்கொள்ள ஒரு பிரதி. அட்டைக்குப் பதில் மரப்பலகையில் பெயர் செதுக்கித் தர இந்த ஊர்ச் சிற்பிகளில் யாராவது முன்வந்தால் இன்னும் நல்லது. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் யாரேனும் வந்திருந்தால், மலையிலிருந்து மரம் வெட்டப் போய்த் திரும்பாதவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று தொடங்க முடியுமா என்று யோசியுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எழுதியதை நேராக அச்சகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இது தப்பு, இது எங்க அண்ணன் இல்ல என்று யாராவது சொன்னால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு பெயரைப் போடுங்கள்.